புளியமரத்தடியில் ஒரு ஹசார்ட் மீட்டிங்

நான் வேலை பார்க்கும் கிடங்கில் தினமும் காலை ஏழு மணிக்கு ஆளுக்கொரு கெட்டது சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஷட்டரைத் தூக்குவார்கள். நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்த முதல் வாரம் எனக்கு இது விளங்கவே இல்லை. பதினான்கு பேர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வட்டமாக நிற்போம். இதற்கு டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பேர். ஆனால் யார் கையிலும் டூல்பாக்ஸ் இருக்காது, காப்பிக் கோப்பைதான் இருக்கும். நடுவில் நிற்கும் சூப்பர்வைசர் கிரேக், ஆறடி உயரம், வெயிலில் சிவந்த முகம், "இன்றைக்கு என்ன ஹசார்ட் பார்த்தீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். ஒருவன் மூன்றாவது வரிசையில் பலகை உடைந்து ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்பான். இன்னொருத்தி வாசலில் பனி உறைந்திருக்கிறது, வழுக்கினால் இடுப்பு போய்விடும் என்பாள். கிரேக் அத்தனையையும் வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டு "அருமை, அருமை" என்பார். என் முறை வந்தது. ஜவ்வாது மலையில் பிறந்தவன் வாயில் காலங்காத்தாலே அப்படியெல்லாம் வருமா? "ஒன்றும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது. கடவுள் புண்ணியத்தில் நன்றாகவே இருக்கும்" என்றேன், கையைக் கூப்பாத குறையாக. கிரேக் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பலகையில் என் பேருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டார்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்னைப் போல வெளியே வந்து கிடக்கிறவர்களுக்கும் ஞாபகம் இருக்கும். காவலூரிலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் கெட்டதைப் பேர் சொல்லி அழைக்க மாட்டார்கள். பாம்பு பூச்சியாகிவிடும். கரடிக்கு "அது" என்று பேர். "அது நேத்து கெணத்தாண்ட வந்துச்சாம்" என்றால் எல்லாருக்கும் புரியும். வெளியே கிளம்புகிறவனிடம் "எங்க போற" என்றுகூடக் கேட்க மாட்டார்கள். யாராவது வாய் தவறி "வண்டி கவுந்துட்டா இன்னா பண்றது" என்று கேட்டுவிட்டால் போதும், "வாயக் கழுவு மொதல்ல" என்று நாலு பக்கமிருந்தும் விழும். அப்படிச் சொல்லி அதன்படியே நடந்தும் தொலைத்துவிட்டால், சொன்னவனுக்குக் கருநாக்கு. அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பார்கள்.

ஆனாலும் கேள்விக்குறிக்குப் பயந்து, இரண்டாவது வாரத்தில் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். "பத்தாம் வரிசையில் தண்ணீர் சொட்டுகிறது. யாராவது வழுக்கி விழலாம்" என்றேன். கிரேக் எழுதிக்கொண்டார். பத்தரை மணிக்குப் பத்தாம் வரிசையில் தடாலென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கிரேக்தான் மல்லாந்து கிடக்கிறார். அதே தண்ணீர். முழங்கையில் அடி. காலையில் சொன்னேன், பத்தரைக்குப் பலித்துவிட்டது! மதியம் அவர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும் நான் தனியாகப் போய் நின்று, "என்னை மன்னிக்க வேண்டும். நான் சொன்னதால்தான் இப்படி ஆகிவிட்டது. வேண்டுமென்று சொல்லவில்லை" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "இல்லை நண்பா, தப்பு என்னுடையது. நீ சொன்னாய், நான்தான் கேட்கவில்லை" என்றார். நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை, அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோம். மாத முடிவில் என் போட்டோவை "ஹசார்ட் ஹீரோ" என்று எழுதிக் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒட்டினார்கள். ஊரில் என்றால் என் கருநாக்குக்குச் சூடு போடலாமா என்று கூடிப் பேசியிருப்பார்கள். இங்கே ஒரு டப்பா சாக்லேட் கொடுத்தார்கள்.

சாக்லேட் தின்றவன் சும்மா இருப்பேனா? அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நமக்கும் ஆபத்துக்கு வார்த்தை இல்லாமல் இல்லை. ஆபத்து என்றால் வந்துவிட்டது, யாராவது ஓடி வாங்க என்று பொருள். அபாயம் என்பது கரண்ட் கம்பத்து மண்டை ஓட்டின் கீழே இருப்பது, அதை யாரும் வாயால் சொல்வதில்லை. கண்டம் ஜாதகக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அண்ணனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொல்லி, எங்கள் மலையில் எங்கே தண்ணீர் இருக்கிறதென்று தெரியாமலே அவனை எதிலும் குளிக்க விடாமல் வளர்த்தார்கள். ரிஸ்க் என்பதைச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக்கு என்று இருப்பது உஷாரு ஒன்றுதான், அதுவும் உருதுக்காரர்களிடம் வாங்கியது. இந்த ஹசார்ட் இவற்றில் எதிலும் சேரவில்லை. அது இன்னும் நடக்காதது, நடக்காமலே போகக்கூடியது, ஆனால் இப்போதே கண் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிற பொருள். நனைந்த தரை ஹசார்ட். அதில் நான் விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது ரிஸ்க். இரண்டையும் குழப்பினால் பயிற்சி வகுப்பில் பெயில் போடுவார்கள். எனக்கும் ஒரு தடவை போட்டார்கள்.

அப்புறம் பார்த்தால் அந்த வார்த்தை எங்கேயும் இருந்தது. கிரேக் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். புல்வெளி நடுவில் ஒரு குட்டையும் மணல் பள்ளமும் இருந்தன. அதற்கும் ஹசார்ட் என்றுதான் பேராம். கிடங்கில் ஒரு சொட்டுத் தண்ணீருக்கு எச்சரிக்கைப் பலகை வைக்கிற மனிதர்கள், விடுமுறை நாளில் செலவு செய்து குட்டை வெட்டி அதன் மேலாகப் பந்தை அடிக்கிறார்கள். அகராதியைப் புரட்டினேன். ஆதியில் அது தாயக்கட்டை போல உருட்டி ஆடுகிற சூதாட்டத்துக்குப் பேராக இருந்திருக்கிறது. நான் எவ்வளவு படித்துவிட்டேன் என்று எனக்கே பெருமையாகப் போயிற்று. சொல்லப்போனால் ஏழு வருடத்தில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதை விட ஹசார்ட் சொல்வதில்தான் தேர்ந்தேன். கிடங்குப் பாதுகாப்புப் பிரதிநிதி என்று தனிச் சட்டை கொடுத்தார்கள். வீட்டில் மனைவி தோசை ஊற்றும்போது கல்லின் கைப்பிடி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

இந்தக் கோலத்தில்தான் இந்த மாசி மாதம் ஒரு மாத லீவில் ஊருக்குப் போனேன். மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கிப் போவார்கள். நான் என் அண்ணன் கோவிந்தனுக்கு உயரத்தில் வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் பாதுகாப்புப் பெல்ட் வாங்கிப் போனேன். தோள், இடுப்பு, தொடை என்று எங்கும் வார், முதுகில் ஒரு வளையம், கூடவே கயிறு. அண்ணன் எங்கள் ஊரிலேயே பேர் போன புளி உலுக்குகிற ஆள். முப்பது வருடமாக நாற்பதடி மரத்தில் வெறுங்காலோடு ஏறி, கிளை கிளையாகத் தாவி உலுக்குவான். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து வாடகைக் காரில் வரும்போதே என் வேலை தொடங்கிவிட்டது. டிரைவர் ஒரு நாற்சந்தியில் நாலு விளக்கையும் பளிச் பளிச்சென்று போட்டார். "என்னங்க, ஹசார்ட் லைட் போடறீங்க, வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று பதறினேன். "ஒண்ணும் ஆகல சார். லெஃப்ட்டும் இல்ல, ரைட்டும் இல்ல, நேரா போறோம்னு அர்த்தம்" என்றார். அந்த விளக்கின் உண்மையான பொருளை வாணியம்பாடி வரைக்கும் அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். அவர் கடைசி வரை "ஆமா சார், ஆமா சார்" என்று சொல்லி, ஆலங்காயம் கூட்ரோட்டில் மறுபடி நாலு விளக்கையும் போட்டார்.

வந்த மூன்றாம் நாள் புளி உலுக்க நாள் பார்த்திருந்தார்கள். எங்கள் கொல்லையில் எட்டு மரம். காய் நன்றாகப் பழுத்து ஓடு கலகலத்துவிட்டது. கோடை மழை ஒன்று விழுந்தால் பழம் ஊறி, கறுத்து, பூஞ்சணம் பிடித்துவிடும். அதற்குள் இறக்கியாக வேண்டும். செங்கத்து மண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முதல் மரத்தடியில் நின்றான். அண்ணி கீழே தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தட்டி, "ரெண்டு பேரும் இங்க வாங்க. ஒரு அஞ்சு நிமிஷம் மீட்டிங்" என்றேன்.

இப்போது நினைத்தாலும் மரத்தில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வேறு வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொன்னேன். அந்த மேற்குக் கிளை பட்டுப்போயிருக்கிறது, ஒடியும். இந்தப் பக்கம் பாசி, கால் வழுக்கும். உச்சியில் தேன்கூடு, கொட்டினால் கை விட்டுவிடும். முப்பதடியிலிருந்து விழுந்தால் முதுகெலும்பு. முதுகெலும்பு போனால் ஆம்புலன்ஸ் மலை ஏறி வர ஒரு மணி நேரம். அண்ணி விரித்த தார்ப்பாயை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒவ்வொரு ஹசார்டுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும் என்றும் சொன்னேன்.

"செத்துப் போறதுக்கு எத்தினி மார்க்கு?" என்றாள் அண்ணி.

"அஞ்சு அண்ணி."

"அஞ்சுதானா?" என்றாள். அப்புறம் பக்கத்தில் மூன்று தடவை துப்பிவிட்டு, "காலங்காத்தால மரத்தாண்ட நின்னுக்குனு இன்னா பேச்சு இது? நல்ல வாக்கே வராதா உங்க வாயில?" என்று கேட்டாள். அண்ணன் சிரித்தான். "வுடு சரோஜா. ஏழுமல ஆசையா வாங்கியாந்து கீறான். அவன் சொல்றாப்பல ஒரு மரம் ஏறிட்டுப் போறேன்" என்று எனக்காகவே அந்தப் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். நான் அத்தோடு விட்டிருக்கலாம். "மேல ஆள் இருக்கும்போது யாரும் பேசக்கூடாது. கவனம் சிதறும்" என்று கிடங்குச் சட்டத்தையும் போட்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் இதற்கு நேர் எதிர். மரத்தில் ஆள் இருக்கிற வரைக்கும் கீழே நிற்கிறவர் வாயை மூடக்கூடாது. ஆனால் மரத்தைப் பற்றிப் பேசவும் கூடாது. "பாத்து", "புடிச்சுக்கோ", "வுழுந்துடாத" எதுவும் வாயிலிருந்து வரக்கூடாது. மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் குழம்பில் உப்பு இல்லாதது, பக்கத்துக் கொல்லைக்காரனின் புது பைக், இப்படி ஏதாவது கேலி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே இருக்கிறவன் பதில் கத்திக்கொண்டே உலுக்குவான். சின்ன வயதில் இதையெல்லாம் வெட்டி அரட்டை என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணி அவன் பதிலைக் கேட்கவில்லை, அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு நாற்பத்திரண்டு வயதில், அந்த மரத்தடியில்தான் தெரிந்தது. குரல் சுருங்கினால் அசந்துவிட்டான் என்று அர்த்தம். உடனே ஏதோ ஒரு சாக்கில் கீழே இறக்கிவிடுவாள்.

அன்றைக்கு அவள் பேசவில்லை. நான் பேச விடவில்லை. அண்ணன் ஏறினான். வார் ஒவ்வொரு கிளையிலும் மாட்டிக்கொண்டது. எடுத்து எடுத்து விட்டுக்கொண்டு இருபது அடி போயிருப்பான், நின்றுவிட்டான். ஒரு காயும் விழவில்லை. சத்தமே இல்லை. அப்புறம் மேலே இருந்து அவன் குரல் வந்தது.

"ஏழுமல… இந்தக் கெள ஒடியுமாடா?"

முப்பது வருடத்தில் அவன் யாரிடமும் கேட்காத கேள்வி. நிமிர்ந்து பார்த்தேன். அவன் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். கால் நடுங்கிற நடுக்கத்தில் நாலைந்து காய் தானாக உதிர்ந்து தார்ப்பாயில் விழுந்தது. நான் கீழே இருந்து, "ரெண்டு கை ஒரு கால், எப்பவும் மூணு புடிமானம் இருக்கணும் அண்ணா!" என்று பாடம் எடுத்தேன். அண்ணி என் நெஞ்சில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். ஏழு வருடம் வெளிநாட்டுச் சாப்பாடு சாப்பிட்ட உடம்பு, மூன்றடி பின்னால் போய் விழுந்தது.

"யோவ்" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள், ஒன்றுமே நடக்காதது போல. "உன் தங்கச்சி போன் பண்ணா. அவ மாமியாக்காரி பல்லு கட்டினு வந்து கீதாம். கட்ன பல்லக் கயட்டி டம்ளர்ல போட்டுச்சாம், அத்த மாமனாரு தண்ணின்னு குடிக்கப் போய்ட்டாராம்."

மேலே பதில் இல்லை. அண்ணி விடவில்லை. மாமனார் குடித்தாரா இல்லையா என்பதை அரை மணி நேரத்துக்கு இழுத்தாள். நடுவில் ஒரு இடத்தில் மேலே இருந்து ஒரு செருமல் வந்தது. அப்புறம் "அந்தாளுக்கு ஏது அவ்ளோ பெரிய வாயி" என்று மெதுவாக ஒரு குரல். "அந்த வார அவுத்துப் போட்டுட்டு வா, மீதிய சொல்றேன்" என்றாள். பெல்ட் பொத்தென்று கீழே விழுந்தது. பின்னாலேயே அண்ணன் ஒவ்வொரு அடியாக இறங்கி வந்தான். தரையில் கால் பட்டதும் உட்கார்ந்துவிட்டான். அண்ணி அவன் வேர்வையைத் துடைத்துவிட்டாள், அப்புறம் அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவன் மரத்தடிக்குப் போனான். அடிமரத்தில் கை வைத்தான். "நாளிக்குப் பாக்கலாம்" என்று திரும்பிவிட்டான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் மறுநாள் அவனுக்குத் தைரியம் கொடுக்கிறேன் பேர்வழி என்று நானே ஏறினேன். சின்ன வயதில் ஏறின மரம்தானே! எட்டடி உயரத்தில் என் விலை உயர்ந்த பாதுகாப்பு ஷூ இரண்டு கிளைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அண்ணனே ஏணி வைத்து என்னை இறக்க வேண்டியதாயிற்று. ஏணியில் நின்றபோதும் அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஒரு நாள் மதியம் தெற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும் வெளியே நின்று வானத்தைப் பார்த்தோம். நாலு தூறலோடு போயிற்று. கூலிக்கு ஆள் வைத்து இறக்கிவிடலாம், நான் ஏற்பாடு செய்கிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். "மரம் ஏற ஆள் கெடைக்கும் தம்பி. இவரு வூட்ல குந்திக்குனு அத்தப் பாத்துக்குனு இருப்பாரா? அப்பறம் எந்தக் காலத்துல ஏறுவாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் அன்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னிடம் பேசினான். கோபமே இல்லை அவன் பேச்சில். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீ சொன்னதுல ஒண்ணும் தப்பு இல்லடா. கெள பட்டுப்போய்த்தான் கீது. எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா ஏர்றேன், மரத்ததான் பாத்துக்குனு இருந்தேன். நீ சொன்னதுல இருந்து தரையப் பாக்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஆசைதான் என்ன? அண்ணன் விழக்கூடாது, அவ்வளவுதான். எங்களுக்கு அப்பா போன பிறகு என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தது அந்தப் புளிதான். அவன் ஒவ்வொரு மாசியிலும் மரத்தில் இருப்பான், நான் பூமியின் அந்தப் பக்கத்தில் கிடங்கில் இருப்பேன், போன் அடித்தால் எடுக்கவே பயப்படுவேன். அந்தப் பயத்தை ஏழு வருடம் தனியாகச் சுமந்தேன். அதை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அவன் தலையில் இறக்கி வைத்துவிட்டு, நான் இலேசாகிவிட்டேன். இதற்குப் பாதுகாப்பு என்று பேர் வேறு வைத்தேன். கிரேக் விழுந்த அன்று ஒரு பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டவன், அண்ணனிடம் அதைக் கேட்க வாய் வராமல் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

நான்காவது வாரத்தின் நடுவில் அண்ணி காப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. நாளிக்கு நீங்க ஆலங்காயம் வரைக்கும் போய்ட்டு வர்றீங்களா?"

"எதாவது வாங்கணுமா அண்ணி?"

"வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல." காப்பியை என் பக்கம் தள்ளினாள். "நீங்க வாயத் தொறக்கறதில்ல, உண்மதான். ஆனா அவரு மரத்தாண்ட போறப்போ உங்க மொகத்தப் பாக்கறாரு. அன்னிக்கு நோட்ல எழுதினீங்களே, அது அத்தினியும் உங்க மொகத்துல இருக்குது. நீங்க ஊர்ல இல்லன்னா ஏறிடுவாரு. எனக்குத் தெரியும்."

மறுநாள் காலை நான் கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று அண்ணன் கேட்கவில்லை. எங்கள் வழக்கம் அப்படி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் பயிற்சி வகுப்பு ஞாபகம் வந்தது. ஹசார்ட் ஒன்றைக் கண்டால் முதலில் அதை ஒழித்துவிடப் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் ஆட்கள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அண்ணிக்கு அந்த வகுப்பு எதுவும் எடுக்கவில்லை, காப்பி கொடுத்தே தள்ளி வைத்துவிட்டாள். இதை ஒரு நகைச்சுவையாகத்தான் எழுத நினைத்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆலங்காயம் வரைக்கும் என்னால் போக முடியவில்லை. அண்ணன் மேலே மரத்தில் இருப்பான், நான் கடைத்தெருவில் டீ குடிப்பதா? பாதி மலையில் ஒரு வளைவில் விசில் கொடுக்கச் சொல்லி இறங்கிவிட்டேன். அங்கே போன் சிக்னல் இருக்கும் என்பது ஒரு காரணம். ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். கீழே சமவெளி வெயிலில் கிடந்தது, மேலே எங்கள் பக்கம் மரம் மட்டும் தெரிந்தது. ஒன்பது மணி, பத்து மணி, பதினொன்று. குரங்குகள் வந்து என்னிடம் தின்ன ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுப் போயின. மூன்று தடவை அண்ணியின் நம்பரை எடுத்து, எடுத்த கையோடு வைத்தேன். அடித்தால் அவள் பேச்சு அறுந்துபோகும். அவள் பேச்சு அறுந்தால் மேலே இருக்கிறவன் கீழே பார்ப்பான்.

பன்னிரண்டு மணிக்கு மேல் காலையில் என்னை இறக்கிவிட்ட பஸ்ஸே திரும்பி மேலே ஏறி வந்தது. வளைவில் நிதானித்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், இங்கியே குந்திக்குனு கீறீங்க? ஏறுங்க."

"இல்லைங்க. இன்னும் போகக்கூடாது."

"அப்ப கீழ போறீங்களா? கொஞ்ச நேரத்துல மேலேர்ந்து வண்டி வரும்."

"கீழயும் இல்லைங்க."

"எந்த ஊர் சார் நீங்க?" என்றார். நான் மேலே கையைக் காட்டினேன். அவர் என் ஷூவைப் பார்த்தார், கையில் இருந்த போனைப் பார்த்தார், நம்பவில்லை என்று தெரிந்தது. "உஷாரா இருங்க, கொரங்கு போனப் புடுங்கும்" என்று சொல்லி விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கும்போது கை நழுவி, கீழே விழப் போன போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன்.

"எறங்கிட்டாரு தம்பி" என்றாள் அண்ணி. தொண்டை கட்டிப்போயிருந்தது அவளுக்கு, அவ்வளவு பேசியிருக்கிறாள். "நாலு மரம் உலுக்கிட்டாரு. பழய மாதிரியே பண்ணாரு. தோ, கை கழுவினு கீறாரு."

நான் ரோடு என்றும் பார்க்காமல் வாய் விட்டு அழுதேன். நான் அழுது முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள். பின்னால் அண்ணன் யாரையோ கேலி செய்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த மரத்தடி மீட்டிங்குக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கவே இல்லை.

"தோ வர்றேன் அண்ணி. நடந்தே வந்துடறேன்" என்றேன்.

"வாங்க வாங்க, சாப்ட வாங்க" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, இன்னும் நாலு மரம் கெடக்குது. ஒரேயடியா வேணாம், தெனம் ஒண்ணு ஏறட்டும்னு பாக்கறேன். நீங்க… நாளிக்கும் கொஞ்சம் கீழ போய்ட்டு வர்றீங்களா?"

எனக்கு லீவில் மிச்சம் இருந்ததும் நாலு நாள்தான்.

"போய்ட்டு வர்றேன் அண்ணி" என்றேன்.